சிஸ்கால் கொல்லைவாசலா?

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் மூன்றாமாண்டு பொறியியல் படிக்கிறேன். புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு த்ரெட்டும் தன் எண்ணைத் திரையில் காட்டுகிற மாதிரி ஒரு சி புரோகிராம் எழுதினேன். வீட்டு லேப்டாப்பில் அந்த எண்ணைத் தரும் கெட்-டிஐடி ஃபங்ஷன் ஓடியது. லேபில் இருக்கும் பழைய லினக்ஸில் அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்று லிங்கர் கையை விரித்துவிட்டது. நண்பன் சிஸ்கால் என்ற ஃபங்ஷனுக்குள் 186 என்று போட்டுக் கொடுத்தான், ஓடுகிறது. இது கொல்லைவாசல் வழியா? இப்படி எழுதலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் ஊர் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். இங்கே அப்படி இல்லை. கெட்-டிஐடி, சிஸ்கால் இரண்டும் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் போவது ஒரே வாசலில்தான்.

உங்கள் 64-பிட் இன்டெல் மெஷினில் சிஸ்கால் செய்வது இவ்வளவுதான். கெர்னலிடம் எந்த வேலை வேண்டும் என்று சொல்லும் எண்ணை, பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைக்கும். மற்றவற்றை ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ என்று வரிசையாக வைத்துவிட்டு, தன் பெயரிலேயே இருக்கும் பிராசஸர் கட்டளையை ஓட்டும். கெர்னலிடமிருந்து -4095 முதல் -1 வரை ஏதாவது வந்தால் பிழை என்று அர்த்தம். அந்த எண்ணை மைனஸ் இல்லாமல், பிழை எண்ணுக்கான எர்நோவில் போட்டுவிட்டு நமக்கு -1 தரும். 4பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் காலத்து ஃபங்ஷன் இது, ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. கெட்-டிஐடிக்கு லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி ஒரு ராப்பர், அதாவது நமக்காகக் கெர்னலை அழைக்கும் ஃபங்ஷன், கொடுத்ததே 2019இல், 2.30 பதிப்பில்தான். கெர்னலில் அது 2.4 காலத்திலிருந்தே இருக்கிறது! நடுவில் எல்லோரும் உங்கள் நண்பன் வழியில்தான் போனார்கள்.

எனக்குப் பிடிக்காதது அந்த 186தான். அது 64-பிட் இன்டெல்லில் கெட்-டிஐடியின் எண். 32-பிட் இன்டெல்லில் கெட்-டிஐடி 224. ராஸ்பெர்ரி பையின் 64-பிட் லினக்ஸில் 178. அங்கே 186 என்றால் மெசேஜ் கியூவைக் கேட்கும் எம்எஸ்ஜி-கெட். கம்பைலர் வாயே திறக்காது. 186ஆம் நம்பர் வீடு காரைக்குடியிலும் இருக்கும், தேவகோட்டையிலும் இருக்கும். ஊர் பார்க்காமல் சீர்த்தட்டோடு நுழைந்தால் என்ன ஆகும்? நானும் ஒருமுறை எண்ணை நேராக எழுதிவிட்டு, வேறு மெஷினில் ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன். சிஸ்காலுக்கான ஹெடர் ஃபைலைச் சேர்த்து, எண்ணுக்குப் பதில் அதில் எஸ்ஒய்எஸ் என்று தொடங்கும் பெயரைப் போடுங்கள். சரியான எண் தானாக வரும்.

அப்புறம், ராப்பர் இருக்கிற இடத்தில் சிஸ்காலைத் தொட வேண்டாம். 32-பிட் ஆர்மில் 64-பிட் எண்ணை இரண்டு ரெஜிஸ்டராக உடைத்து வைக்கிற வேலையெல்லாம் உங்கள் தலையில் விழும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டு லேப்டாப்பில் இரண்டு விதமாகவும் எழுதி, கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்டிரேஸ் போட்டுப் பாருங்கள். த்ரெட்டுகளையும் பின்தொடர மைனஸ் எஃப் சேர்க்க வேண்டும். இரண்டு தடவையும் கெட்-டிஐடி என்றே வரி வரும்.