70,000 கி.மீ. ஓடிய காரில் முன்பக்கம் ‘டொக்’ சத்தம்: நான்கு ஷாக் அப்சார்பரும் மாற்ற வேண்டுமா?

70,000 கி.மீ. ஆகிவிட்டது, நான்கையும் மாற்றுங்கள் என்று மெக்கானிக் சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். இப்போதே வேண்டாம். காரைக்குடி–தேவகோட்டை வேகத்தடைகளில் சத்தம் மட்டும்தான், வண்டி குதிக்கவில்லை என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மீது (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு பாகம்). ஷாக் அப்சார்பரைவிட மிகவும் மலிவு. மெக்கானிக் அதைப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஷாக் அப்சார்பரை மாற்றக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் காரணமாகாது.

ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, டார்ச் அடித்து ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி உலர்ந்து படிந்திருந்தால் கவலையில்லை. எண்ணெய் வழிந்து, அதில் தூசி சேறாக அப்பியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படலாம்.

பம்பரை அழுத்திவிட்டு, வண்டி எத்தனை முறை குதிக்கிறது என்று பார்க்கும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். தேய்ந்த ஷாக்கும் அதில் தேறிவிடும்.

மாற்ற நேர்ந்தால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பிறகு வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டை வீட்டில் பிரிக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்துவிடும்.