அறிவியல் கண்டுபிடிப்புகள் நம் நம்பிக்கைகளையும் அறத்தையும் உண்மையிலேயே மாற்றியிருக்கின்றனவா?

கேட்டவர் ஏதோ கட்டுரைப் போட்டிக்காகக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே பதில் எழுதியவர்கள் கலிலியோவையும் டார்வினையும் கூட்டி வந்துவிட்டார்கள். தப்பில்லை. ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று தெரிந்ததால் எந்தக் குடும்பமும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முடிவெடுக்க வேண்டி வந்ததில்லை. வெண்டிலேட்டர் வந்ததால் எடுக்க வேண்டியிருக்கிறது. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். மருத்துவர் இல்லை, தத்துவம் படித்தவளும் இல்லை. அதைச் சொல்லிக்காட்டக் காத்திருப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு வாருங்கள்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையை அழுத்திக் காற்றைச் செலுத்திக் காப்பாற்றலாம் என்று பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் காட்டினார். மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்தினார்கள். நான் வேலை பார்ப்பது போன்ற வார்டுகள் எல்லாம் அங்கிருந்து கிளைத்தவைதான். பிறகு அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. அப்போதுதான் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. மூளை முழுவதும் செயலற்றுப்போனவர்களின் இதயம் நாள்கணக்கில் துடித்துக்கொண்டிருந்தது. 1959இல் பாரிஸைச் சேர்ந்த மொலரே, கூலோன் என்ற மருத்துவர்கள் இப்படிப்பட்ட 23 பேரைப் பற்றி எழுதினார்கள். எந்த மதத்தின் பழைய நூலிலும் இவர்களைப் பற்றி நேரடியாக ஒரு வரி இருக்க வாய்ப்பில்லை. இயந்திரம் வருவதற்கு முன் இப்படி ஒரு நிலையில் யாரும் இருந்ததே கிடையாது.

மதம் எப்போதும் அறிவியலோடு மல்லுக்கு நிற்கும் என்று எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1957லேயே மயக்கவியல் மருத்துவர்கள் இதைப் போப் பன்னிரண்டாம் பயஸிடம் கேட்டார்கள். மரணம் நிகழ்ந்த நேரத்தை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு, திருச்சபையின் வேலை அல்ல என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. நான் வேலை செய்யும் மருத்துவமனை இல்லை, வேறொன்று. மூளைச்சாவு என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டதும் குடும்பமே என் பக்கம் திரும்பியது. “நீ இதே வேலைதானே பாக்கற, உண்மையச் சொல்லு.” அக்காவின் மாமியார் அத்தானின் கால் விரல் அசைந்ததைப் பார்த்துவிட்டார். அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், மூளைக்கு அதில் வேலையே இல்லை என்று நான் சொன்னபோது, பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது என்பதுபோல் பார்த்தார்.

பரிசோதனையைத் தானும் பார்க்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். மருத்துவர் சம்மதித்தார். கண்மணியில் வெளிச்சம் அடித்தார்கள், விழியைப் பஞ்சால் தொட்டார்கள், காதுக்குள் ஐஸ் தண்ணீரைச் செலுத்தினார்கள். மூளையின் அடியில் மூச்சை நடத்தும் பகுதியான மூளைத்தண்டு வேலை செய்தால் ஐஸ் தண்ணீருக்குக் கண் மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பும். திரும்பவில்லை. கடைசியாக வெண்டிலேட்டரைக் கழற்றி, மெல்லிய குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் கொடுத்தார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, மூளைத்தண்டு வேலை செய்தால் மூச்சை இழுத்தே தீரும். போர்வையை இடுப்புவரை விலக்கிவிட்டு எல்லோரும் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு நின்றோம். எட்டுப் பத்து நிமிடம். அக்கா அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு இந்தச் சோதனைக்கு வேண்டிய அளவான 60ஐத் தாண்டியிருந்தது. வயிறு அசையவே இல்லை. மறுபடி குழாயை மாட்டியதும் நெஞ்சு பழையபடி ஏறி இறங்கத் தொடங்கியது. வார்டில் எத்தனையோ தடவை பார்த்த காட்சி அது. அன்றைக்கு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

உறுப்பு தானம் பற்றிக் கேட்டபோது அக்கா சொன்னது இதுதான்: “எனக்கு அவர் இன்னும் சாகலடி. ஆனா இனி வரமாட்டார்னு தெரியுது. குடுக்கச் சொல்லு.”

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது. அவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் அவளுடைய நம்பிக்கை அசையவில்லை. கை சூடாக இருக்கிறவர் அவளுக்கு உயிரோடு இருப்பவர்தான். ஆனால் என்ன செய்வது சரி என்பது மாறிவிட்டது. நம்பிக்கை ஒரு பக்கமும் செய்கை ஒரு பக்கமுமாக ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம், எல்லாவற்றையும் அறிவியலே தீர்மானித்துவிட்டது என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. மூளை வேலை செய்கிறதா என்பதை அறிவியல் சொல்லும். அதை மரணம் என்று ஏற்பதா என்பதை மனிதர்கள்தான் கூடி முடிவெடுத்தார்கள். 1968இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் தலைமையில் இதற்காக அமைந்த குழுவில் மருத்துவர்களோடு ஒரு சட்ட அறிஞரும் இறையியல் படித்தவரும் வரலாற்றாசிரியரும் இருந்தார்கள். பிரிட்டனில் மூளைத்தண்டு செயலிழந்தால் போதும், அமெரிக்காவில் முழு மூளையும் செயலிழந்திருக்க வேண்டும். ஜப்பானில் 1968இல் நடந்த முதல் இதய மாற்று அறுவை, கொடுத்தவர் உண்மையிலேயே இறந்திருந்தாரா என்ற பெரிய சர்ச்சையில் முடிந்தது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க அங்கே 1997இல்தான் சட்டம் வந்தது, அடுத்த இதய மாற்று 1999இல். தொழில்நுட்பத்தில் அவர்கள் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லையே.

“உறுப்புக்காகத்தான் மரணத்தின் விதியையே மாற்றினார்கள்” என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். அந்த ஹார்வர்டு குழுவின் அறிக்கையிலேயே உறுப்பு மாற்றுச் சிக்கலும் ஒரு காரணமாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நான் மறைக்கவில்லை. ஆனால் திரும்பி வரவே முடியாதவர்களை இயந்திரத்தில் வைத்திருப்பதால் குடும்பங்கள் படும் பாடும் அதே அறிக்கையில் காரணமாக இருக்கிறது. அதை மட்டும் யாரும் எடுத்துப் போடுவதில்லை. நான் யாரையும் தானம் செய்யச் சொல்லியும் எழுதவில்லை. மறுத்த குடும்பங்களுக்கும் இதே கையால்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. இறப்புச் சான்றிதழில் சாயங்கால நேரம் போட்டிருந்தது. மருத்துவமனைக் குறிப்பில் அன்றிரவு ஆபரேஷன் தியேட்டர் என்று இருந்தது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “செத்தவருக்கு எதுக்கும்மா ஆபரேஷன்?” என்று அக்காவிடமே கேட்டார். இறந்த நேரமாக எதை எடுப்பது என்பதே நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 2008 வழிகாட்டுதலில், இரண்டு தடவை செய்யும் பரிசோதனையில் முதல் சுற்று முடிந்த நேரம், அமெரிக்காவில் கார்பன் டை ஆக்சைடு தேவையான அளவைத் தொட்டுவிட்டதாக முடிவு வந்த நேரம். அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டிருக்கலாம், இல்லை என்னிடமாவது கேட்டிருக்கலாம். மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி வரச் சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு தாளுக்காக அக்கா மறுபடியும் அதே வார்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.