வழி கேட்பது

அன்புள்ள அண்ணனுக்கு,
பெங்களூரில் 7 வருடம் இருந்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எதிர்பாராமல் ஒருவரைச் சந்தித்து எத்தனையோ நாளாகிறது. கூச்ச சுபாவம் வேறு. சனிக்கிழமை மாலை ஒரு மணிநேரத்தை இதற்கென்றே ஒதுக்கலாம் என்றிருக்கிறேன். எங்கே போகலாம், என்ன வாசிக்கலாம்?

அன்புள்ள தம்பி,

புத்தகம் எதுவும் வேண்டாம். கூச்சம் எனக்கும் உண்டு, அதை விடுங்கள். ஆனால் தற்செயலுக்கு நேரம் குறித்து வைப்பேன் என்கிறீர்களே, படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் போன வாரம் நான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. களியக்காவிளைப் பக்கம் ஒரு துக்க வீடு. போனில் மேப் பார்த்தபடியே போனேன். கடைத்திண்ணையில் நாலு பேர் இருந்தார்கள், ஒருவரிடமும் வாய் திறக்காமல் சரியாக அந்த வாசலில் போய் நின்றேன். அன்றிலிருந்து மனதை அரிக்கிறது.

நம் குமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்தில் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, வீடும் தோப்புமாய் ஒட்டிக் கிடக்கும். கேட்காமல் போக முடியாது. கேட்டால் வழியோடு விடமாட்டார்கள், என்ன விஷயம், யார் மகன், சாப்பிட்டாச்சா எல்லாம் வரும். அதைத்தான் நாம் போனிடம் கொடுத்துவிட்டோம்.

எனக்கு 20 வயதில், சிதறால் மலைக்கென்று மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, முன்னாலேயே எங்கோ இறங்கிவிட்டேன். நல்ல மழை. ரப்பர் ஷீட் காயப்போட்ட ஒரு கொட்டகைக்குள் ஓடினேன். உள்ளே பால் வெட்டுகிற பெரியவர் ஒருவர். ‘மழ விடட்டு, இரியும்’ என்றார். மழையில் வெட்டினால் பால் சிரட்டையில் விழாமல் தண்ணீரோடு பட்டை வழியே போய்விடும், அதனால் அவருக்கும் அன்று வேலை இல்லை. மழை லேசானதும் ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நூல்போல உரித்து என் கையில் வைத்தார். பிறகு என் விரலைப் பிடித்துப் பட்டையில் அழுத்தி, கத்தி இதுவரைக்கும்தான் போகலாம், உள்ளே இருக்கிற மரத்தில் பட்டால் அந்த இடம் முண்டுமுண்டாகப் புடைத்துவிடும், அப்புறம் அங்கே கத்தி ஓடாது என்றார். ஒரு பொடிப்பயலுக்கு இதைச் சொல்லித்தர அவருக்கு என்ன தேவை?

அன்றைக்கு மலையேறவில்லை. அங்குள்ள 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், போகிற வழியில் ரப்பர் மரம் கண்டால் இன்றும் விரல் தானாகப் பட்டையைத் தொடுகிறது.

சனிக்கிழமை வரைக்கும் எதற்கு? நாளைக்கே வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். பலகையில் தக்கலை என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் நிற்பவரிடம் ‘இந்த பஸ் தக்கலை போகுமா’ என்று கேளுங்கள்.