தேய்ந்த அரை டாலர்

அன்புள்ள ஐயா,

என் மாமனாரின் பழைய நாணயப் பெட்டியில் 1936ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி அரை டாலர் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் கரடி, மறுபக்கம் பெரிய பாலம். விசாரித்தால் அந்த ஒரே வருடத்தில் இப்படிப் பல நினைவு நாணயங்கள் வந்தனவாம். பொருளாதாரப் பெருமந்தத்தில் ரொட்டிக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் அல்லவா அது? இவற்றையெல்லாம் யார் வாங்கினார்கள்?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்களிடம் இருப்பது சான்பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து பாலத் திறப்புக்காக அடித்த நாணயம். பாலம் திறந்தது 1936 நவம்பரில். காரை விட்டு இறங்காமலே வாங்கிப் போகும்படி பாலத்தருகே கடை போட்டு விற்றார்கள். விலை ஒன்றரை டாலர்.

அந்த ஒன்றரை டாலரை அன்றைய சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். அரசின் வனப் பாதுகாப்புப் படையில் சேர்ந்த இளைஞனுக்கு மாதம் 30 டாலர். அதில் 25 வீட்டுக்குப் போய்விடும், அவன் கையில் நிற்பது ஐந்துதான். 1938இல் முதன்முதலாக நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியபோதுகூட மணிக்கு 25 சென்ட்தான். இந்தக் கரடிக்கு ஆறு மணி நேர உழைப்பு.

அப்படியானால் வாங்கியது யார்? வேலை போகாதவர்கள். 1933இல் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை என்றால், மற்ற மூவரில் சிலருக்காவது மாதச் சம்பளம் தவறாமல் வந்தது. விலைவாசியும் இறங்கியிருந்ததால் அந்தச் சம்பளம் முன்பைவிடக் கூடுதலாக வாங்கியது. இதை நாம் மறந்துவிட்டு, நாடு முழுக்க ஒரே வரிசையில் நின்றதாக நினைத்துக்கொள்கிறோம்.

விற்றவர்கள் கதை இன்னும் விரிவானது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதி தந்தால், உள்ளூர்க் குழு ஒன்று நாணயச்சாலையிலிருந்து 50 சென்ட் முகமதிப்புக்கே வாங்கி, தனக்குப் பிடித்த விலைக்கு விற்கலாம். மிச்சம் ஊர்க் காரியத்துக்கு. டெக்சாஸில் முன்னாள் படைவீரர் சங்கம் அருங்காட்சியகத்துக்காக விற்றது. இல்லினாயின் எல்ஜினில் முன்னோடிக் குடியேறிகளுக்குச் சிலை வைக்க ஒரு சிற்பி நாணயம் வடித்தார். பணம் போதவில்லை. சிலை எழுந்தது 2001இல்!

ஆனால் எல்லாரும் அவரைப் போல இல்லை. கென்டக்கியில், அங்கே குடியேறிய முன்னோடி டேனியல் பூனின் நினைவு நாணயத்தில் 1934 என்ற சின்ன எண்ணைக் கூடுதலாகச் சேர்த்துத் தனி வகையாக்கி, டென்வர், சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலைகளில் சுமார் 2,000 வீதம் அடித்தார்கள். ஜோடி 3.70 டாலர். கேட்டவர்களில் பலருக்குத் தீர்ந்துவிட்டது என்ற பதில்தான். விலை உடனே பல மடங்கு ஏறியது. சின்சினாட்டி 1936இல் தன் இசைப் பெருமையின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. 1886இல் அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. மூன்று நாணயம் கொண்ட தொகுப்பு 7.75 டாலர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டுச் செலவை நெருக்கிப் பிடித்துச் சேர்த்த காசை அல்லவா இவர்கள் குறிவைத்தார்கள்? ஒருவழியாக 1939இல் காங்கிரஸ் பழைய அனுமதிகளை எல்லாம் நிறுத்தியது.

சரி, வாங்கியதைச் செலவழித்தவர்களும் உண்டு. என்னிடம் 1925ஆம் ஆண்டின் ஸ்டோன் மவுண்டன் அரை டாலர் ஒன்று இருக்கிறது. ஜார்ஜியா மலையில் உள்நாட்டுப் போர்த் தளபதிகளைச் செதுக்க நிதி திரட்டி, ஒரு டாலருக்கு விற்றது. கஷ்டகாலத்தில் இவற்றில் நிறைய சில்லறையாகவே புழக்கத்துக்கு வந்தன. என்னுடையதில் அந்தத் தளபதிகளின் குதிரைகள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. 1932 கடைசியில் வெள்ளி அவுன்ஸ் 25 சென்ட்தான். அந்தக் கணக்கில் இதிலுள்ள வெள்ளி ஒன்பது சென்ட் பெறும். உருக்கிப் பயனில்லை. கடையில் நீட்டினாலோ முழு ஐம்பது சென்ட், ஏழு சென்ட் ரொட்டி ஏழு வாங்கலாம். ஒரு டாலர் கொடுத்து ஆசையாக வாங்கியதைப் பாதி மதிப்புக்குக் கொடுத்த அந்தக் கையை நான் அடிக்கடி நினைத்துப்பார்க்கிறேன். சேகரிப்பாளர்கள் இந்த நாணயத்தைக் கழித்துவிடுவார்கள். நான் கொடுக்க மாட்டேன்.

உங்கள் நாணயத்தைப் பல்பொடி, புளி எதுவும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கரடியின் உடம்பில் முடி தெரிகிறதா, மழுங்கியிருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எழுதுங்கள்.