மாங்குயிலின் மஞ்சள் ஏன் வெறும் திட்டாகிவிடுகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பாடும் பறவைகளைக் காட்டில் படமெடுக்கிறீர்கள், மஞ்சள் பறவை இறகே தெரியாத திட்டாக வருகிறது, கறுப்புப் பறவை நிழலுருவாகிப் போகிறது, எடிட்டிங்கில் எதை எவ்வளவு நகர்த்தினால் சரியாகும்?

மஞ்சளிலிருந்தே தொடங்குகிறேன். அதில்தான் நான் இரண்டு ஆண்டுகளைத் தொலைத்தேன். காலை வெயிலில் வந்து அமரும் ஆண் மாங்குயிலை எத்தனை முறை எடுத்தாலும், கறுத்த சிறகின் இறகுகளை எண்ணிவிடலாம். மார்பு மட்டும் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். லென்ஸைச் சந்தேகித்தேன், ஃபோகஸைச் சந்தேகித்தேன். ஒளியளவின் மீது சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு இடமாகவும் வெளிச்சம் வலமாகவும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம், வலப்பக்க எல்லையைத் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது மூன்று வண்ணங்களையும் ஒன்றாகக் கலந்து காட்டும் ஒற்றை வெள்ளை வரைபடம். சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்த அன்று காரணம் தெரிந்தது. சிவப்பு மட்டும் எல்லையில் மோதி நசுங்கிக் கிடந்தது.

பொன்மஞ்சளில் சிவப்பு மிக அதிகம், பச்சை அதைவிடச் சற்றுக் குறைவு, நீலம் மிகச் சொற்பம். ஒளி கூடக்கூட முதலில் உச்சத்தைத் தொடுவது சிவப்பு. ஒவ்வொரு வண்ணத்தின் அளவையும் 0 முதல் எண்ணிக் குறிக்கும் 8 பிட் படத்தில் அந்த உச்சம் 255. அதற்குமேல் சிவப்பு ஏற முடியாது, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்போது இறகுக்கும் இறகுக்கும் இடையிலிருந்த நுண்ணிய வேறுபாடு அழிகிறது. பொன்மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் திரிகிறது. உங்கள் மாங்குயில் 'ஏதோ பச்சையடித்தாற்போல்' தெரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே வெயிலில் மஞ்சள் பறவைக்கு ஒளியளவை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்த தகவலைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பாக எடுத்தாலும், கேமரா தன் திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் அது தானே பதப்படுத்திய ஜேபெக் படத்திலிருந்து வரைந்தது என்பதால், கேமராவின் வண்ண அமைப்பைப் பளிச்சிடும் வகையில் வைக்காமல் நடுநிலையில் வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் மஞ்சளின் செறிவைத் தொடாதீர்கள். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள ஒளிர்வை மட்டும் சற்று இறக்குங்கள். செறிவைக் கூட்டினால் மீண்டும் சிவப்புதான் எல்லையில் போய் முட்டும்.

கறுப்புப் பறவையின் சிக்கல் வேறு. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயல்கிறது. பறவைக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அந்த வானத்தைச் சாம்பலாக்குகிறது, பறவை கரியாகிறது. அதே பறவை இருண்ட இலைத்திரள் முன் தாவினால் எதிர்மாறாக வெளிறுகிறது. யோசித்துப் பாருங்கள்: பறவையின் மேல் விழும் ஒளி மாறவில்லை, பின்புலம்தான் மாறியது. இதனாலேயே நான் ஷட்டர் வேகம், லென்ஸின் துளை, ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் மூன்றையும் கையால் அமைத்துக்கொள்கிறேன். மேகம் மூடினாலோ பறவை நிழலுக்குப் போனாலோ மட்டும் மாற்றுவேன். குண்டுக்கரிச்சான் போலக் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த பறவைக்கு வெள்ளை வெளுக்காத அளவில் நிறுத்திவிட்டு, கறுப்பை எடிட்டிங்கில் உயர்த்துவேன். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16,384 படிநிலைகள் இருப்பதால் நிழலில் மீட்க நிறையவே இருக்கும். எல்லை தாண்டிய வெள்ளையில் மீட்க எதுவும் இல்லை.

ஷட்டர் வேகம்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமர்ந்து பாடும் பறவைக்கு 1/500 நொடி பெரும்பாலும் போதும், தாவுகிற பறவைக்கு 1/2000. விடியலில் ஐஎஸ்ஓ 3200 வரை போகத் தயங்காதீர்கள். ஐஎஸ்ஓவைக் குறைத்துவிட்டுப் பிறகு எடிட்டிங்கில் பிரகாசமாக்கினாலும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் வரத்தான் செய்யும்.

அடர்ந்த மரங்களுக்கடியில் இன்னொரு சங்கடம் உண்டு. இலைகளில் பட்டும் இலைகளின் ஊடாகவும் வரும் ஒளி பறவையின் வெள்ளை வயிற்றைப் பச்சையாக்கிவிடும். அந்த வயிற்றையே வெள்ளை என்று காட்டி வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரியப் படம் முழுவதன் நிறத்தையும் நகர்த்தும் அமைப்பை) சரிசெய்யத் தோன்றும். நானும் செய்திருக்கிறேன், வயிறு வெள்ளையானது, சுற்றியிருந்த காடு முழுவதும் ஊதா பூத்தது. இப்போது பச்சையைப் பாதியளவுதான் எடுக்கிறேன், அதுவும் முடிந்தவரை பறவையைத் தனியே தேர்ந்தெடுத்து. இலைகளுக்கடியில் நின்ற பறவையின் மேல் கொஞ்சம் இலையின் நிறம் இருப்பதே உண்மை, அதை முழுக்கத் துடைத்தால் பறவை வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

ஊதாத் தேன்சிட்டுக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. அதன் மினுமினுப்பு இறகின் நுண்கட்டமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருகிறது. கோணம் தவறினால் அதே பறவை வெறும் கறுப்பு. நிழலை எவ்வளவு உயர்த்தினாலும் சாம்பல்தான் கிடைக்கும், ஊதா வராது. ஒளி உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று, அது தலையைத் திருப்பும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருப்பது வீணல்ல. பாடும் ஆண் பறவைகள் பெரும்பாலும் தமக்குப் பிடித்த சில கிளைகளுக்கே திரும்பத் திரும்ப வரும். அந்தக் கிளையின் மேல் விழும் ஒளியை முன்கூட்டியே அளந்து வைத்துவிட்டால், பறவை அலகைத் திறக்கும் கணத்தில் நீங்கள் கண்ணில் மட்டும் ஃபோகஸ் வைத்தால் போதும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்காதீர்கள், தயவுசெய்து. இல்லாத எதிரியை விரட்ட அது உணவையும் கூட்டையும் விட்டுவிட்டு அலைகிறது.

அந்தப் பழைய மாங்குயில் படங்களின் ரா கோப்புகளை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். காரணம் புரிந்தபின் அவற்றைத் திறந்து ஒளியளவை ஒரு ஸ்டாப் இறக்கினேன். பல படங்களில் மார்பிறகுகள் வரிவரியாக எழுந்து வந்தன, நிறமும் பொன்னுக்குத் திரும்பியது. ஜேபெக்கில்தான் சிவப்பு எல்லை தாண்டியிருந்தது, ரா கோப்பில் மிச்சம் இருந்தது. உங்களிடமும் ரா கோப்புகள் இருந்தால், புதிதாக எடுக்கப் போவதற்கு முன் அவற்றை ஒருமுறை திறந்து பாருங்கள்.