தையல் வகுப்பு எடுத்ததற்கு வரவேண்டிய 78 ஆயிரம்

கேள்வி: திறன் பயிற்சி நடத்தும் ஒரு ஏஜென்சியோடு ஒப்பந்தம் போட்டு, கொருக்குப்பேட்டையில் தையல் வகுப்பு எடுத்தேன். 60 நாள் கொண்ட ஒரு பேட்சுக்கு 30 ஆயிரம். முதல் பேட்சுக்குப் பிடித்தம் போக 27 ஆயிரம் வங்கியில் வந்தது. அடுத்த இரண்டு பேட்ச் முடித்தும் பணம் இல்லை. நான்காவதில் 36 நாள் ஆனபோது, ஒப்பந்தம் ரத்து என்று ஈமெயில் அனுப்பிவிட்டார்கள். கேட்டால் "மேலிருந்து ஃபண்ட் வரவில்லை" என்கிறார்கள். இப்போது, 30 ஆயிரம் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அவர்களுடைய இரண்டு மெஷின் என் வீட்டில் இருக்கிறது. பணம் வரும்வரை கொடுக்காதே என்கிறார் கணவர். போலீசுக்குப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-21

பதில்: முதலில் அந்தப் பேப்பரைப் பற்றிப் பேசிவிடுவோம், சகோதரி. அதில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். இல்லாவிட்டால் 30 ஆயிரம் கொடுக்க இவ்வளவு அவசரம் காட்ட மாட்டார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்தை மட்டும் உங்கள் வாசகத்தின் கீழே போடுங்கள். "78 ஆயிரம் பாக்கியில் 30 ஆயிரம் பெற்றேன், மீதி 48 ஆயிரம் வரவேண்டும்" என்று எழுதி, அவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். அதற்கு மறுத்தால், பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.

78 ஆயிரம் என்ற கணக்கு எப்படி வருகிறது? முடித்துக்கொடுத்த இரண்டு பேட்சுக்கு 60 ஆயிரம். பாதியில் நின்றதில் 36 நாளுக்கு, 30 ஆயிரத்தை 60-ஆல் வகுத்தால் வரும் நாளுக்கு 500 வீதம், 18 ஆயிரம். ஒப்பந்தம் ரத்தானால் அன்று முதல்தான் ரத்து. அதற்கு முன் செய்த வேலைக்கு உண்டான கூலி ரத்தாகாது. பேட்ச் முழுசாக முடியவில்லையே என்று 18 ஆயிரத்தில் கை வைப்பார்கள். நிறுத்தியது நீங்கள் அல்ல. தவிர, இனாமாக இல்லாமல் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தரவேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவே சொல்கிறது. மேலிருந்து ஃபண்ட் வராதது அவர்களுக்கும் மேலிடத்துக்கும் உள்ள விவகாரம். "எங்களுக்கு வந்தால்தான் உங்களுக்கு" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சண்டை வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் ஒரு நடுவர் தீர்த்துவைப்பார் என்று ஒரு பத்தி இருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தில் முக்கால் பக்கம், ஏன் நிறுத்தினார்கள், யார் கோள் சொன்னார்கள் என்றே போகிறது. கோபம் புரிகிறது. ஆனால் பணம் கேட்டு நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸில் அந்தக் கதையைக் கொண்டுவராதீர்கள். நிறுத்தியது நியாயமா என்று வாதம் கிளம்பினால் அவர்கள் வருஷக்கணக்காகப் பேசுவார்கள். எத்தனை நாள் வகுப்பு நடந்தது என்ற கேள்விக்கு அவர்களால் அதிகம் பேச முடியாது.

அதற்குச் சாட்சி வருகைப் பதிவேடு. அது இப்போது அவர்கள் கையில் இருக்கும். தினமும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் சொத்து. அந்த வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பி வையுங்கள். போனையும் மாற்றாதீர்கள், விற்காதீர்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. முதல் பேட்சில் பிடித்த 3 ஆயிரம் டிடிஎஸ்ஸாக, அதாவது பணம் தருபவரே பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரியாக இருக்கவேண்டும். உங்கள் பான் எண்ணை வைத்து வருமான வரி இணையதளத்தில், அப்படிக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். பணத்தைக் கையில் தராவிட்டாலும், கணக்கில் உங்கள் பெயருக்கு வரவு வைத்துவிட்டாலே டிடிஎஸ் கட்டவேண்டும். இரண்டாவது, மூன்றாவது பேட்சுக்கும் அங்கே ஒரு பதிவு இருந்தால், பில்லை அவர்களே ஒப்புக்கொண்டு வரித்துறைக்கும் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம் "தரவேண்டியதில்லை" என்று வாய் திறப்பது கஷ்டம்.

போலீஸ்? ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. முதல் பேட்சுக்குப் பணம் தந்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்மா" என்று திருப்பி அனுப்புவார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் அவர்கள் செக் கொடுத்து அது ரிட்டர்ன் ஆனால் நிலைமை வேறு. வங்கியின் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கவேண்டும். செக் வந்தால் டிராயரில் போட்டு வைக்காதீர்கள், மூன்று மாதம்தான் செல்லும்.

78 ஆயிரத்தைக் கேட்கும் நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து அதோடு இணைந்துவிட்டது. தொகை, எந்தெந்தப் பேட்ச், 15 நாள் கெடு, அதற்குமேல் வட்டி. இவ்வளவு போதும். வட்டி என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். எழுத்தில் கேட்ட தேதியிலிருந்து வட்டி கேட்க 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தில் வழியிருக்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால், தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குங்கள். வளாகத்துக்குள் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு மனு கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே சமரசம் ஆனால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. ஆனால் கூப்பிட்டால் ஏஜென்சி வரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வராவிட்டால் சிவில் வழக்குதான். பணம் தரவேண்டிய தேதியிலிருந்து 3 வருஷம் வரை அதற்கு நேரம் உண்டு. அதற்குள் "பாக்கி இருக்கிறது" என்று அவர்கள் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம்.

சிறு தொழில் என்று, மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்து வைத்திருந்தீர்களா? ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவு இருந்தால், 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். இப்போது பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு உதவாது. ஆனாலும் செய்துவிடுங்கள், கட்டணம் இல்லை; அடுத்த ஏஜென்சிக்கு ஆகும்.

கடைசியாக அந்த இரண்டு மெஷின். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: வைத்துக்கொள்ளக் கூடாது. நம்பிக் கொடுத்த பொருளைத் திருப்பித் தரவில்லை என்று அவர்கள் புகார் கொடுத்தால், பணம் கேட்கப் போன நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள். மெஷின் நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து, ஒரு கடிதத்தில் இரண்டு நம்பரையும் எழுதி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் அலுவலகத்திலேயே இறக்குங்கள். கடிதத்தின் நகலில் சீல், கையெழுத்து, தேதி மூன்றும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இறக்காமல் அதே ஆட்டோவில் திரும்பி வந்து, "கொண்டு வந்தேன், ரசீது தர மறுத்தீர்கள், எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள்" என்று அன்றைக்கே ஈமெயில் போட்டுவிடுங்கள்.