முதல் ஹாட் ராடும் மலிவான இன்ஜினும்

வணக்கம் அண்ணா,

ஒஹையோவில் டேட்டன் பக்கம் இருக்கிறேன், ஐ.டி. வேலை. உங்கள் பழைய கார் பதிவுகளைப் படித்துப் படித்து, பழைய காரைப் பிரித்து வேறு இன்ஜின் போட்டு ஹாட் ராடாகக் கட்டும் ஆசை முற்றிவிட்டது. வெல்டிங் வகுப்புகூடப் போய் வந்துவிட்டேன். இங்கே ஒரு பண்ணையில் 1930 ஃபோர்டு மாடல் ஏ கூப் (இரண்டு கதவுக் கார்) ஒன்று கிடக்கிறது. பாடியும் ஃபிரேமும்தான், இன்ஜினும் ஃபெண்டரும் இல்லை. டைட்டில் (உரிமைச் சான்று) தொலைந்துவிட்டதாம், விற்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார் பெரியவர். அடுத்த தெருவில் ஒருவர் செவி (செவர்லே) 350 வி8 இன்ஜினையும் டர்போ 350 கியர்பாக்ஸையும் சேர்த்து மலிவாகக் கொடுக்கிறார். முதலில் அதை வாங்கிப் போட்டுவிடலாமா? இல்லை, பழைய ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8தான் சரியா? ஃபெண்டர் இல்லாமல், தாழ்வாக, ஐம்பதுகளின் தோற்றத்தில் வேண்டும். என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் ஆர்டர் செய்துவிடுவேன்.

எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

பட்டியல் தருவது சுலபம். கேட்டலாக்கைத் திறந்தாலே பக்கம் பக்கமாகக் கிடைக்கும். ஆனால் ஹாட் ராடில் ஒரு பாகத்தை வாங்கினால், இன்னும் மூன்று பாகங்களை அது உங்களைக் கேட்காமலே தீர்மானித்துவிடும். அதனால்தான் இன்ஜினை முதலில் வாங்காதீர்கள் என்கிறேன். 1967-ல் கமாரோவில் வந்த 350-ஐ செவர்லே பல பத்தாண்டுகள் வார்த்துத் தள்ளியது. அமெரிக்காவில் எந்தக் காயலான் கடையிலும் அது கிடைக்கும், எங்கும் ஓடிப் போகாது.

முதலில் காகிதம். அந்தப் பெரியவர் நல்லவராகவே இருக்கட்டும், கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. மாடல் ஏயில் வரிசை எண்ணை இன்ஜினிலும் ஃபிரேமின் இடது நீளச் சட்டத்தின் மேல்புறத்திலும் அடித்திருப்பார்கள். உங்களுக்கு இன்ஜின் இல்லை, ஆகவே ஃபிரேமில் இருப்பதுதான் ஒரே எண். அதுவோ டேஷ்போர்டுக்கு முன்னால் பாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். பாடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தால்தான் தெரியும். பணம் கொடுப்பதற்கு முன்னால், பெரியவரின் அனுமதியோடு, இதைச் செய்யுங்கள். எண் கிடைத்ததும் நேராக உங்கள் கவுண்டியின் டைட்டில் அலுவலகத்துக்குப் போய், இப்படி ஒரு வண்டி, இப்படி ஒரு எண், என்ன வழி என்று கேளுங்கள். சொந்தமாகக் கட்டிய வண்டி என்ற வகையில் பதிவு செய்யச் சொன்னால், நெடுஞ்சாலைப் போலீஸ் பரிசோதிப்பார்கள், பாகங்களுக்கு ரசீது கேட்பார்கள். அதனால் இன்றிலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள், பழைய ஹெட்லைட் வாங்கினாலும் விற்றவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஐம்பதுகளின் தோற்றம் என்கிறீர்களே, அதை இன்னும் கொஞ்சம் கறாராக முடிவு செய்யுங்கள். தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் முப்பதுகளில் கையில் காசில்லாமல் பழைய ஃபோர்டுகளின் ஃபெண்டரைக் கழற்றிப் போட்டு, மியூராக், எல் மிராஜ் என்று காய்ந்த ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-லேயே எஸ்.சி.டி.ஏ. (தெற்குக் கலிஃபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம்) என்று சங்கம் வைத்து நேரம் குறிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பெரும்பாலும் ஃபோர்டிலிருந்தே எடுத்து ஃபோர்டிலேயே மாட்டினார்கள். 1939-ல்தான் ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது, 1940 வண்டியின் டிரம்மிலும் மாடல் ஏ சக்கரத்திலும் போல்ட் அமைப்பு ஒன்றுதான், இரண்டிலும் ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டம் 5.5 அங்குலம். நீங்கள் செய்யப் போவது அப்படி இல்லை. முன்னால் பழைய டிரம், பின்னால் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி.யின் ஆக்சில் என்று போட்டால் பின்சக்கர வட்டம் 4.5 அங்குலம். செவி ஆக்சில் என்றால் 4.75. ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் ஏறாது. முன்னுக்கு ஒரு ஸ்டெப்னி, பின்னுக்கு ஒரு ஸ்டெப்னி வைத்துக்கொள்ள மாடல் ஏயில் ஏது இடம்? இந்த மாதிரி விஷயங்களைக் காகிதத்தில் முடித்துவிட்டால் செலவே இல்லை.

நான் முதலில் வாங்கச் சொல்வது சக்கரமும் டயரும். புதியவர்கள் இதைக் கடைசியில் வாங்குகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. ஃபெண்டர் இல்லாத வண்டியில் கண்ணுக்கு முதலில் படுவது சக்கரம். பின்னால் உயரமான டயர், முன்னால் சின்னது, இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் வண்டிக்கு அந்த முன்பக்கம் குனிந்த நிலையைக் கொடுக்கிறது. உண்மையான டயரைக் கொண்டுவந்து, கராஜ் தரையில் ஃபிரேமை மரக்கட்டைகள் மேல் வைத்து, பாடியை மேலே ஏற்றி, டயர்களை அதனதன் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கட்டையை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தெருவுக்குப் போய் நின்று பாருங்கள். ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். பிடித்த நிலை வந்ததும் அளவெடுங்கள்: பின்சக்கரங்கள் உட்காரும் இரண்டு ஹப் முகங்களுக்கும் நடுவே எவ்வளவு, தரையிலிருந்து ஃபிரேம் எவ்வளவு உயரம். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால்தான் ஆக்சில் தேடப் போக முடியும்.

ஆக்சிலுக்கு 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்) ஆக்சிலைப் பாருங்கள். டிஸ்க் பிரேக்கோடு வருகிறது, பலமானது, விலையும் அதிகமில்லை. அதில் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) நட்டநடுவில் இல்லை, இடப்பக்கக் குழாய் நீளம், வலப்பக்கம் குட்டை. ராடர்கள் (ஹாட் ராட் கட்டுபவர்கள்) என்ன செய்கிறார்கள் என்றால், இடப்பக்கக் குழாயைச் சுமார் 3 அங்குலம் வெட்டிக் குறுக்கி, இன்னொரு எக்ஸ்ப்ளோரரிலிருந்து வலப்பக்க ஷாஃப்ட்டை எடுத்து இடப்பக்கம் போட்டுவிடுகிறார்கள். டிஃபரன்ஷியல் நடுவுக்கு வந்துவிடும், அகலமும் மாடல் ஏவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். வெட்டி ஒட்டுவதை மட்டும் ஜிக் (குழாயை நேராகப் பிடித்து வைக்கும் சட்டம்) வைத்திருக்கும் ஆளிடம் கொடுங்கள். வகுப்பில் படித்த வெல்டிங்கை ஆக்சில் குழாயில் பழகிப் பார்க்க வேண்டாம்.

முன்பக்கத்துக்கு 4 அங்குலம் தாழ்த்திய ஐ-பீம் ஆக்சில் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை இரும்புத் தண்டு), செவி வேகா கார் வகை ஸ்டியரிங் பாக்ஸ். சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக அசையும் மஸ்டாங் 2 கார் சஸ்பென்ஷன் இதைவிட நன்றாக ஓடும் என்று பலர் சொல்வார்கள், ஓடும்தான். ஃபெண்டர் இருக்கிற வண்டிக்குப் போடட்டும். ஃபெண்டர் இல்லாத மாடல் ஏயில் அந்தக் கைகளும் ஸ்பிரிங்கும் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

ஃபிரேம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மாடல் ஏ ஃபிரேம் மெல்லிய சி வடிவத் தகடு, நாலு சிலிண்டருக்காகச் செய்தது. எட்டு சிலிண்டர் வி8 போடுவதென்றால் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்க வேண்டும், குறுக்குச் சட்டங்களும் வேண்டும். 1932 ஃபோர்டு ஃபிரேம் ஆழமானது, பார்க்கவும் அழகு, வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் இடைவெளி) 103.5 அங்குலத்துக்குப் பதில் 106. அந்தக் காலத்துப் பையன்களே மாடல் ஏ பாடியைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். புதிதாக அடித்த '32 ஃபிரேம் இன்று கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கினால் உங்கள் எண் பழைய ஃபிரேமோடு போய்விடும், மறுபடி காகிதத்துக்கே வந்து நிற்போம். முதல் வண்டி, இருக்கிற ஃபிரேமையே பலப்படுத்துங்கள். பாடி ரொம்பத் துருப்பிடித்திருந்தால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், டேட்டனுக்குப் பக்கத்திலேயே புரூக்வில்லில் மாடல் ஏ ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத கார்) பாடியைப் புது எஃகில் அடிக்கிறார்கள். சும்மாவாவது ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம், கூப் என்பதால் கதவோரம், கூரை என்று உள்ளே மரச்சட்டம் இருக்கும். கத்தியால் குத்திப் பாருங்கள், பொடியாகக் கொட்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பிரேக்கில் ஒரு சின்ன விஷயம். பெடல் தரையிலிருந்து வருவதால் மாஸ்டர் சிலிண்டரும் தரைக்குக் கீழே, பிரேக்கை விடத் தாழ்வாகப் போய்விடும். ஆயில் திரும்பி வடியாமல் இருக்க, குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு வேண்டும், டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ., டிரம்முக்கு 10. மாற்றிப் போட்டால் டிஸ்க் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடாகும்.

மீட்டர், ஹெட்லைட், '32 கிரில் மாதிரியானவற்றை ஆர்டர் செய்யாதீர்கள். அக்டோபரில் பென்சில்வேனியா ஹெர்ஷியில் நடக்கும் பழைய கார் பாகச் சந்தைக்குப் போங்கள், கடைசி நாள் மதியம் திருப்பி ஏற்றிக்கொண்டு போக மனமில்லாதவர்களிடம் பேரம் படியும். அதைவிட மலிவு, யாரோ பாதியில் விட்ட வண்டி. கல்யாணம், குழந்தை, முதுகுவலி என்று நிறுத்தியவர்கள் போட்ட பணத்தில் பாதிக்குக் கூடத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கும்போது பிராக்கெட், போல்ட், வாஷர் எல்லாவற்றையும் டப்பாவோடு கேட்டு வாங்குங்கள்.

ஃபிளாட்ஹெட்? அழகு, சத்தமும் அழகு. ஆனால் எக்ஸாஸ்ட் பாதை பிளாக்குக்குள்ளேயே ஓடுவதால் சூடாகும், வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும். விரிசல் சோதனை செய்யாத ஃபிளாட்ஹெட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். 1955-ல் செவியின் சின்ன வி8 வந்ததும் ராடர்களே அதற்கு மாறினார்கள், ஆகவே உங்கள் ஐம்பதுகளுக்கு 350 ஒன்றும் துரோகமில்லை. ஒன்றே ஒன்று, அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருக்கிறது, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகடு) முட்டும். ஒன்று ஃபயர்வாலை உள்ளே தள்ள வேண்டும், இல்லை இன்ஜினை முன்னே தள்ளி ரேடியேட்டர் ஃபேனோடு சண்டை போட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நீங்கள் அடுத்த தெருவுக்குப் போகத்தான் போகிறீர்கள், தெரியும். சரி, போனால் பிளாக்கின் பின்விளிம்பில் வார்ப்பு எண்ணைப் படம் எடுங்கள். 1986 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள், அதிலிருந்து பின் ஆயில் சீல் ஒரே வளையம், ஃப்ளெக்ஸ்பிளேட் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தட்டு) வேறு, பழையது பொருந்தாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள், இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால், இன்னும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.